டிகிரி முடித்த கையோடு டெக் மாநாட்டுக்குப் போகலாமா? கிருஷ்ணகிரியிலிருந்து சில குறிப்புகள்

28 செப்டம்பர் 2025, பென்னாகரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

"இந்த வருஷம்தான் பி.சி.ஏ. முடிச்சேன். பெங்களூர்ல நடக்குற டெக் மாநாட்டுக்கு வான்னு கூடப் படிச்சவன் கூப்பிடுறான். டிக்கெட், பஸ், சாப்பாடு, தங்குற செலவுன்னு கணக்குப் போட்டா எங்க வீட்டு ஒரு மாச மளிகை. அங்க பேசுறதெல்லாம் எப்படியும் யூடியூப்ல வந்துடுது. ஆபீஸ் காசுல போறவங்களுக்கு ஆன இடம் அது. வேலை தேடிக்கிட்டு இருக்கறவனுக்கு அங்க என்ன இருக்கு? போனவங்க யாராவது இருந்தா உண்மையச் சொல்லுங்க."

29 செப்டம்பர் 2025

இந்த மாதம்தான் போய் வந்தேன், அதனால் சொல்கிறேன்.

கேட்டதில் பாதி சரி. பெரும்பாலான மாநாடுகள் உரைகளைக் கொஞ்ச நாளில் யூடியூப்பில் ஏற்றிவிடுகின்றன. உரை கேட்பதற்கு மட்டும் என்றால் பென்னாகரத்தில் உட்கார்ந்தே கேட்கலாம், புரியாத இடத்தை நிறுத்தி, திரும்பப் போட்டு. அதற்காகப் பஸ் ஏற வேண்டாம்.

ஆனால் கையில் முடியாமல் கிடக்கிற வேலை ஒன்று இருந்தால் போங்கள் தம்பி. பல பேரிடம் கேட்டும் தீராத வேலையாக இருக்கட்டும். அதைத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே கிடைப்பது யூடியூப்பில் கிடைக்காது. நான் சொல்ல வருவது இந்த ஒன்றுதான். விவரமாக நாளை எழுதுகிறேன், கடையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

30 செப்டம்பர் 2025

என் கதையைச் சொன்னால்தான் நேற்று எழுதியது புரியும்.

2024இல் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். ஊர் காவேரிப்பட்டணம். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, நோட்டீஸ், பில் புத்தகம் எல்லாம் அடிப்போம். எங்களுக்கு வாடிக்கையாக வேலை கொடுக்கிற மண்டிக்காரர் ஒருவர், தினசரி வரத்து விலைப் பட்டியலை மாதக் கடைசியில் ஒன்றாகத் தொகுத்துத் தரக் கேட்டார். எக்செல்லில் கையால் செய்துகொண்டிருந்ததை நான் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சிறு நிரலாக எழுதினேன். மாங்காய் சீசன் நேரம். பெங்களூரா, நீலம், செந்தூரா, மல்கோவா, அல்போன்சா என்று வரிசையாக வரும்.

மாதக் கணக்கு எடுத்தால் மல்கோவா இரண்டு வரியாக வருகிறது. அல்போன்சாவும் இரண்டு வரி. காய்கறிப் பக்கத்தில் கொத்தமல்லி இரண்டு வரி. தக்காளி ஒழுங்காக ஒரே வரி. கண்ணால் பார்த்தால் அந்த இரண்டு மல்கோவாவுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. "ஏம்மா, ஒரே மல்கோவாவ ரெண்டா பிரிச்சு வெச்சிருக்க?" என்று மண்டிக்காரர் கேட்டார். இடைவெளி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ஃபான்ட் பிரச்சினையாக இருக்கும் என்றார் கடை அண்ணன். கூடப் படித்தவர்களும் ஃபான்ட் என்றே சொன்னார்கள். எனக்கோ இதை என்ன சொல்லித் தேடுவது என்றே தெரியவில்லை. கம்ப்யூட்டரில் எதையும் தேட அதற்கு ஒரு பெயர் தெரிந்திருக்க வேண்டும், பெயர் தெரியாத நோய்க்கு இணையத்தில் மருந்து கிடைக்காது.

பெங்களூர் மாநாட்டில் முதல் நாள் மதியச் சாப்பாட்டு வரிசை நீளமாக நின்றது. எனக்கு முன்னால் நின்றவர் கேரளக்காரர், வயதில் மூத்தவர். "எந்த கம்பெனி?" என்று கேட்டார். டி.டி.பி. சென்டர் என்றேன். "அங்க பைத்தான் எதுக்கு?" என்றார். மல்கோவா கதையைச் சொன்னேன். அவர் மலையாளமும் ஆங்கிலமும் கலந்து பேச, நான் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேச, எப்படியோ போய்க்கொண்டிருந்தது.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "எந்தெந்த வார்த்தை ரெண்டா வருது, எது வரல? சொல்லு."

சொன்னேன். மல்கோவா வரும், அல்போன்சா வரும், கொத்தமல்லி, கொய்யா, முட்டைகோஸ் வரும். நீலம் வராது, செந்தூரா வராது, பெங்களூரா வராது, தக்காளி, கத்திரி வராது. சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே பிடிபட்டது. இரண்டாக வருகிற எல்லாவற்றிலும் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து ஒன்று இருக்கிறது. கொ, கோ, போ. மற்றவற்றில் இல்லை. அத்தனை நாளும் அந்தப் பட்டியல் என் கண்முன்னால்தான் இருந்தது, பிரித்துச் சொல்லச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"எங்க மலையாளத்துலயும் இதே கதைதான்" என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே ஃபோனில் காட்டினார். தட்டு கைக்கு வருவதற்குள் வேலை முடிந்தது.

1 அக்டோபர் 2025

அது என்ன என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இன்று ஆயுத பூஜை, மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து மூடியாயிற்று, நேரம் இருக்கிறது.

கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற உலகப் பொதுக் குறியீடு யூனிகோட். அதில் "கோ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க என்ற எழுத்தோடு, கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியைப் போடலாம். அல்லது க, பிறகு இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று மூன்று துண்டாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒரே உருவம். கணினிக்கு இரண்டும் வேறு. மல்கோவா நமக்கு நாலு எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் ஒரு மல்கோவாவுக்கு 7 என்கிறது, இன்னொன்றுக்கு 8 என்கிறது. அந்த 7க்கும் 8க்கும் நடுவில்தான் மண்டிக் கணக்கு உதைத்தது.

இந்தத் துண்டு எழுத்து எங்கிருந்து வந்தது என்பதையும் தேடிப் பிடித்தேன். சென்டரில் பழைய ஃபைல்கள் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் இருக்கின்றன. அந்தக் காலத்து ஃபான்டில் கொம்பும் காலும் தனித்தனி விசை. அதை யூனிகோடாக மாற்ற நாங்கள் பயன்படுத்திய மென்பொருள், அதாவது மாற்றி, அவற்றைத் துண்டு துண்டாகவே யூனிகோடுக்குக் கொண்டுவந்திருக்கிறது. மண்டிக்காரர் மகன் ஃபோனில் அடித்தது சேர்ந்த எழுத்தாக வருகிறது. இரண்டும் ஒரே ஃபைலில் கலந்துவிட்டன.

பைத்தானோடு கூடவே வருகிற யூனிகோட்டேட்டா என்ற தொகுதியில் நார்மலைஸ் என்று ஒரு கட்டளை உண்டு. அதற்கு என்.எஃப்.சி. என்று சொல்லிக் கொடுத்தால் துண்டுகளையெல்லாம் சேர்த்துவிடும். ஒரே வரி. தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

கன்னடத்திலும் கொம்பு-கால் கதை இருக்கிறது. அத்திப்பள்ளி தாண்டி வேலை செய்கிற நம் ஊர்க்காரர்களுக்கு உதவலாம்.

4 அக்டோபர் 2025

"இங்கிலீஷ் வராதே, அங்க போய் எப்படி நிக்கறது" என்று மத்தூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்.

மேடையில் எல்லாம் ஆங்கிலம்தான். மறைக்க ஒன்றுமில்லை. வேகமாகப் பேசுகிற உரைகளில் பாதி எனக்கும் பிடிபடவில்லை. ஆனால் மேடைக்கு வெளியே, டீ குடிக்கிற இடத்தில், பெங்களூரில் எந்தக் கூட்டத்திலும் தமிழ் பேசுகிறவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். சேலம், திருப்பத்தூர், வேலூர் ஆட்களை முதல் நாளே பார்த்துவிட்டேன். உங்கள் பிரச்சினையை உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நாலு வாக்கியமாக முன்கூட்டியே எழுதி, இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்த நாலு வாக்கியம் கையில் இருந்தால் போதும். பெயர், ஊர், என்ன செய்கிறேன், எங்கே நிற்கிறது.

ஆங்கிலத்தைவிடக் கஷ்டமானது வேறொன்று. இடைவேளையில் எல்லோரும் வட்டம் வட்டமாக நின்று பேசுவார்கள். அந்த வட்டத்துக்குள் எப்படி நுழைவது என்று தெரியாமல் காப்பிக் கோப்பையோடு சுவர் ஓரமாக நிற்கத் தோன்றும். இதற்கு அந்த உலகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது, பேக்மேன் விதி என்று பெயர். மென்பொருள் கையேடுகளை வைக்கிற ரீட் தி டாக்ஸ் தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எரிக் ஹோல்ஷர் எழுதிப் பரப்பியது. வட்டமாக நிற்கும்போது ஓர் ஆள் நுழையும் அளவு இடம் விட்டு நிற்க வேண்டும், பேக்மேன் வீடியோ விளையாட்டில் ஒரு வட்ட உருவம் வாய் திறந்தபடி வருமே, அதே வடிவம். யாராவது வந்து சேர்ந்தால் மறுபடி நகர்ந்து இன்னோர் இடம் விட வேண்டும். நான் போன மாநாட்டில் தொடக்கத்திலேயே இதை மேடையில் சொன்னார்கள். அதனால் இடைவெளி தெரிகிற வட்டத்தில் தயங்காமல் போய் நின்றேன். யாரும் திரும்பிக்கூட முறைக்கவில்லை, நகர்ந்து இடம் விட்டார்கள்.

நீங்களும் வட்டத்தில் இடம் கிடைத்த பிறகு அடுத்தவருக்கு விட்டு நில்லுங்கள்.

5 அக்டோபர் 2025

காசு விஷயம். இதைத் தனியாக எழுதச் சொல்லி நிறையப் பேர்.

மாணவர் டிக்கெட் பொதுவாகக் குறைவு. டிகிரி முடித்த வருஷம் அது செல்லுமா என்பது மாநாட்டுக்கு மாநாடு வேறுபடும், மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பைத்தான்காரர்கள் கூடுகிற பைகான் இந்தியா போன்ற மாநாடுகளில் நிதியுதவிக்கு விண்ணப்பம் உண்டு. எதற்குப் போகிறோம், போனால் என்ன செய்வோம் என்று எழுத வேண்டும். இங்கேதான் அந்த முடியாத வேலை கைகொடுக்கிறது. "கற்றுக்கொள்ள ஆசை" என்று எல்லோரும் எழுதுவார்கள். மண்டிப் பட்டியலில் மல்கோவா இரண்டாக வருகிறது என்று எழுதினால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். தன்னார்வலராகப் போவது இன்னொரு வழி. நாற்காலி போடுவது, பேட்ஜ் கொடுப்பது, மைக் கொண்டு ஓடுவது எல்லாம் வேலை. மைக் கொண்டு ஓடுகிறவருக்கு எல்லா முகமும் அறிமுகமாகிவிடும்.

பயணம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர் சுமார், தர்மபுரியிலிருந்து 130ஐ ஒட்டி. தர்மபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழி ரயில் இருக்கிறது. கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயிலே இல்லை, நமக்குப் பஸ்தான். 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்த பிறகு ஓசூர் ரோட்டில் வருகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. பொம்மசந்திராவில் ஏறி ஆர்.வி. ரோடு போய் பச்சைத் தடத்துக்கு மாறிக்கொள்ளலாம், சில்க் போர்டு நெரிசலில் உயிர் போகாது. ஆனால் மேம்பாலத்தில் ஏறுகிற பஸ் நடுவில் நிற்காது, கண்டக்டரிடம் ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெண்களுக்கு ஒரு விஷயம்: கர்நாடகத்தின் சக்தி திட்ட இலவசப் பயணம் அந்த மாநிலத்துப் பெண்களுக்குத்தான், நம் ஆதார் காட்டினால் டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள்.

தங்குவதற்கு நான் பொம்மனஹள்ளியில் அத்தை வீட்டில் இருந்தேன். நம் மாவட்டத்தில் பெங்களூரில் சொந்தக்காரர் இல்லாத தெரு எது? சென்னை மாநாட்டை நினைத்தால் தங்கும் செலவு மலைக்க வைக்கும். பெங்களூர் நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி. படித்து முடித்த பிள்ளைகள் வேலைக்கு மட்டும் அங்கே போகிறார்கள், கற்றுக்கொள்ளப் போவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

5 அக்டோபர் 2025, இரவு

மேலே எழுதியதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப் சார்ஜரும் தண்ணீர் பாட்டிலும். அவ்வளவுதான் சாமான்.

11 அக்டோபர் 2025

உரைகளுக்காகப் போக வேண்டாம் என்று முதல் குறிப்பில் எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஊத்தங்கரை அண்ணன் ஒருவர் கேட்டதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். "அப்போ ரெண்டு நாளும் வெளியில சுத்திக்கிட்டே இருக்கறதா?" என்றார்.

அப்படிச் செய்தால் வீண். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு உரை, உங்கள் வேலையோடு நேராகத் தொடர்பு இருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து முன் வரிசையில் உட்காருங்கள். காரணம், உரை முடிந்ததும் பேசியவர் கீழே இறங்குவார். அவரைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம் நிற்கும். அந்தப் பத்து நிமிஷம் யூடியூப்பில் வராது. தரவுகளைச் சுத்தம் செய்வது பற்றிப் பேசிய ஒருவரிடம் அப்படித்தான் நின்றேன். மற்றவர்கள் கேட்ட கேள்விகளே பெரிய பாடமாக இருந்தன. ஓர் ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் ஒரே நோயாளி பெயர் பல எழுத்துக்கூட்டலில் வருகிறது என்றார் ஒருவர். பள்ளிப் பட்டியலில் அதே கதை என்றார் இன்னொருவர். மண்டியில் எனக்கு வந்தது நாடு முழுக்க எல்லோருக்கும் வெவ்வேறு உருவத்தில் வருகிறது என்று அந்த இடத்தில்தான் தெரிந்தது.

இன்னொன்று மின்னல் உரை. ஆளுக்கு ஐந்து நிமிஷம், மணி அடித்ததும் இறங்கிவிட வேண்டும். பெரும்பாலும் அன்றைக்கே பெயர் கொடுத்து ஏறுகிறவர்கள். பெரிய உரைகளில் எல்லாம் முடிந்த வேலை, பளபளப்பாக இருக்கும். மின்னல் உரையில் பாதி வேலையைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். கல்லூரி மாணவி ஒருத்தி தன் ஊர் பஸ் நேரத்தைத் தொகுத்துக் காட்டினாள். கை நடுங்கியது, குரல் நடுங்கியது, ஆனால் காட்டிய விஷயம் அவ்வளவு நன்றாக இருந்தது. மின்னல் உரைகளைத் தவற விடாதீர்கள்.

12 அக்டோபர் 2025

சௌசௌ!

1ஆம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு, என்.எஃப்.சி. போட்ட பிறகும் சௌசௌ மட்டும் இன்னும் இரண்டாக வருகிறது என்று ராயக்கோட்டையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவரும் காய்கறிக் கணக்குதான் பார்க்கிறார். என் பட்டியலைத் திறந்து பார்த்தேன், அங்கேயும் அதே.

ஔ குறியில் வலப்பக்கம் வருகிற உருவம் ள மாதிரியே இருக்கிறதல்லவா? அடிக்கிறவர்கள் பலர் ஒற்றைக்கொம்பு போட்டு, உண்மையான ள எழுத்தையே பக்கத்தில் தட்டிவிடுகிறார்கள். சௌ என்பது செள ஆகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. துண்டைச் சேர்ப்பதுதான் என்.எஃப்.சி.யின் வேலை. இங்கே இருப்பது துண்டு கிடையாது, வேறு எழுத்து. அதனால் அது தொடாது.

கொம்புக்குப் பிறகு ள வந்தால் எல்லாவற்றையும் ஔ ஆக்கிவிடலாமே என்று தோன்றும். தெளிவு என்ற சொல்லில் ளவுக்கு மேல் இன்னொரு குறி வருகிறது, அதனால் அதை விலக்கிவிடலாம். ஆனால் யாராவது "கெளம்பிட்டேன்" என்று பேச்சு வழக்கில் எழுதியிருந்தால் அது கௌம்பிட்டேன் ஆகிவிடும். நம் பக்கம் கெளம்பாமல் யார் இருக்கிறார்கள்? ஆகவே பொது விதி வைக்காமல், காய்கறிப் பெயருக்கு மட்டும் ஒரு திருத்தப் பட்டியல் வைத்தேன். சௌசௌ ஒரே வரியாக வந்துவிட்டது. ராயக்கோட்டைக்காரருக்கும் அனுப்பியாயிற்று.

ஸ்ரீயும் இப்படித்தான். ஶ என்ற எழுத்து யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது. அதற்கு முன்பு ஸ போட்டு எழுதிய ஸ்ரீ ஒன்று, பிறகு ஶ போட்டு வந்தது ஒன்று. வாடிக்கையாளர் பெயரில் ஸ்ரீனிவாசன் இரண்டு முறை வந்தால் இதையும் பாருங்கள். என்.எஃப்.சி. இதையும் சரி செய்யாது.

24 அக்டோபர் 2025

தீபாவளி நோட்டீஸ் வேலையில் இந்தப் பக்கம் வரவே முடியவில்லை.

எல்லோரும் கேட்கிற கேள்வி: "வேலை கிடைச்சுதா?"

கிடைக்கவில்லை. மாநாட்டில் கம்பெனி ஸ்டால்கள் இருக்கும். கியூஆர் கோட் ஸ்கேன் செய், படிவத்தை நிரப்பு, ஸ்டிக்கர் வாங்கிக்கொள், டீ-ஷர்ட்டுக்குச் சின்னப் போட்டி. ரெஸ்யூமேயை வாங்கி வைப்பார்கள். ஒரு ஸ்டாலில் என் கல்லூரி பெயரைக் கேட்டதும் அடுத்த ஆளைப் பார்த்துவிட்டார்கள். அது வலித்தது. அரசுக் கல்லூரியில் படித்த பிள்ளைகள் இதை எதிர்பார்த்தே போக வேண்டியிருக்கிறது. அது அநியாயம் என்றும் சொல்லியாக வேண்டும். காசு கட்டி, விடிகாலைப் பஸ் பிடித்து வந்து நிற்கிற ஒருவரிடம் என்ன செய்திருக்கிறாய் என்று கேட்க ஒரு நிமிஷம்கூடவா இல்லை?

ஆனால் சாப்பாட்டு வரிசைக்காரரும், தரவு சுத்தம் பற்றிப் பேசியவரைச் சுற்றி நின்ற இருவரும் இன்றும் என்னோடு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். என் நிரலைப் படித்து எங்கே திருத்தலாம் என்று சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் தொகுதியைக் காட்டினார். தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாக, நாம் எண்ணுகிறபடியே பிரித்துத் தருகிறது. மல்கோவாவுக்கு நாலு என்றே சொல்லும். அதன் நிரலைத் திறந்து படிக்க ஆரம்பித்திருக்கிறேன். கல்லூரியில் அடுத்தவர் எழுதிய நிரலை யாரும் எங்களைப் படிக்க வைத்ததில்லை.

ரெஸ்யூமே கொண்டு போங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. அதையே நம்பிப் போகாதீர்கள்.

26 அக்டோபர் 2025

"மாநாடு கூட்டிப் பேசி என்னத்த சாதிச்சாங்க" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். ஐயா, நீங்கள் அந்த வரியை எந்த விசைப்பலகை அமைப்பில் அடித்தீர்கள் என்று தெரியாது. நான் அடிப்பது தமிழ் 99. அது ஒரு மாநாட்டில் பிறந்தது.

1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அடுத்து 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99. அப்போது ஒவ்வொரு ஃபான்ட் கம்பெனிக்கும் ஒரு விசைப்பலகை, ஒரு குறியீடு. ஒருவர் அடித்தது இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்து ஒரு பொது விசைப்பலகையை ஏற்றுக்கொண்டார்கள். இடது கையில் உயிர், வலது கையில் மெய். க எழுத்தை இருமுறை தட்டினால் முன்னதில் புள்ளி தானாக விழும். ங தட்டிக் க தட்டினால் ங்க. 2000இல் உத்தமம் என்கிற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானதும் இந்தத் தொடர்ச்சியில்தான். நான் பிறப்பதற்கு முன்பு யாரோ கூடிப் பேசி முடிவு செய்ததை வைத்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து டேஸ் 16 என்ற குறியீட்டையும் ஏற்றது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண், கொம்பு-கால் குழப்பமே வராது என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். சரிதான். ஆனால் ஃபோனும் இணையமும் யூனிகோடில் ஓடுகின்றன, மண்டிக்காரர் மகன் ஃபோனில்தான் அடிக்கிறார். எனக்கு இன்றைக்குப் பட்டியல் சரியாக வர வேண்டும்.

2 நவம்பர் 2025

"எங்கிட்ட அப்படி முடியாத வேலைன்னு எதுவும் இல்லையே அக்கா. காலேஜ் புராஜெக்ட் மட்டும்தான் இருக்கு, அதுவும் நெட்ல எடுத்தது" என்று காரிமங்கலத்துப் பிள்ளை ஒருத்தி. இவ்வளவு நேரடியாகச் சொன்னதற்கே ஒரு சபாஷ்.

வீட்டை விட்டு வெளியே வந்து பாரும்மா. பாலக்கோட்டில் தக்காளி விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று. மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் சந்தை விலைகள் தினமும் வருகின்றன, அதை எடுத்து உங்கள் அப்பா ஃபோனுக்குத் தமிழில் அனுப்ப முடியுமா? முயன்று பார், எங்காவது இடிக்கும். அந்த இடிக்கிற இடம்தான் நீ எடுத்துக்கொண்டு போக வேண்டியது. ரேஷன் கடைக் கணக்கு, சுய உதவிக் குழு நோட்டு, கறவை மாட்டுப் பால் அட்டை, ஒகேனக்கல் பஸ் நேரம். பெரிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறவருக்கு இதெல்லாம் கிடைக்காது. நம்மிடம்தான் இருக்கிறது.

வேலை சின்னதாக இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். சாப்பாட்டு வரிசையில் என் மாங்காய்க் கதையைக் கேட்டவர்கள், அவர்கள் கம்பெனிக் கதையைவிட அதைத்தான் அதிகம் கேட்டார்கள்.

9 நவம்பர் 2025

வீட்டில் விடுவார்களா என்று கேட்ட தங்கைகளுக்கு: எங்கள் வீட்டிலும் முதலில் அம்மா யோசித்தார். அழைப்பு மின்னஞ்சலையும் நிகழ்ச்சி நிரலையும் தமிழில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு, யார் வீட்டில் தங்கல், எல்லாம். நடத்தை விதிகள் என்று ஒரு பக்கம் எல்லா நல்ல மாநாட்டுத் தளத்திலும் இருக்கும். யாராவது தவறாக நடந்தால் யாரிடம் சொல்வது என்று அதில் எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கம் இல்லாத மாநாட்டுக்குப் போக வேண்டாம். அப்பா அதைப் படித்துவிட்டுத்தான் சரி என்றார்.

23 நவம்பர் 2025

பெங்களூர் போக முடியாதவர்களுக்கு என்ன வழி என்ற கேள்வி பல முறை வந்துவிட்டது.

2009இல் முதல் பைகான் இந்தியா பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் நடந்தது, 2019இல் சென்னைக்கு வந்தது. பெரிய ஊர்கள்தான், சரி. ஆனால் 2023 ஜனவரியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளக்காரர்களின் மினி டெப்கான்ஃப் மாநாடு விழுப்புரத்தில் நடந்திருக்கிறது. அங்கே லினக்ஸ் பயனர் குழு பல வருஷமாக வேலை செய்ததால் அது நடந்தது. அதே வருஷம் செப்டம்பரில் உலக டெப்கான்ஃப் கொச்சியில். காஞ்சிபுரத்தில் காஞ்சிலக் என்ற லினக்ஸ் குழு இருக்கிறது, இணையவழியில் வாராந்திரக் கூட்டம், தமிழிலேயே. அதில் உட்கார்ந்து பாருங்கள், பெரிய மாநாட்டுக்கு முன்னால் நல்ல பழக்கம். செலவு ஒன்றுமில்லை.

விழுப்புரத்தில் முடிந்தது தர்மபுரியில் ஏன் முடியாது? தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பொறியியல் கல்லூரி இருக்கிறது, கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, ஓசூரில் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. பெங்களூரிலிருந்து பேச வருகிறவர் காலையில் கிளம்பிச் சாயங்காலம் வீடு திரும்பலாம். தேவை ஒரு ஹால், ஒரு புரொஜெக்டர், தொடர்ந்து கூடுகிற பத்துப் பேர். எங்கள் சென்டர் மாடியில் ஞாயிற்றுக்கிழமை இடம் தருகிறேன் என்று கடை அண்ணன் சொல்லியிருக்கிறார். முதல் கூட்டத்தில் உரை வேண்டாம் என்று நினைக்கிறேன். ஆளுக்கு ஒரு முடியாத வேலை கொண்டு வர வேண்டும், எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

7 டிசம்பர் 2025

மாடிக் கூட்டத்துக்கு வருகிறோம் என்று எழுதியவர்கள் போதுமான அளவு சேர்ந்துவிட்டார்கள். பொங்கல் நோட்டீஸ் வேலை முடிந்து ஜனவரிக் கடைசி ஞாயிறு, காலை பத்து மணி. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கத்துக்காரர்களும் காலை பஸ்ஸில் வந்து மாலை திரும்பலாம். லேப்டாப் இல்லாதவர்களும் வரலாம், சென்டர் கணினிகள் ஞாயிறு சும்மாதான் இருக்கும்.

அடுத்த மாநாட்டில் மின்னல் உரைக்குப் பெயர் கொடுக்கப் போகிறேன். மல்கோவாவும் சௌசௌவும் ஐந்து நிமிஷத்தில். அதற்கு எனக்கு ஓர் உதவி தேவை. பாமினி, வானவில் ஃபான்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய பழைய ஃபைல்கள் வைத்திருப்பவர்கள், அவற்றில் உடைந்து வருகிற சொற்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள். ஆட்களின் பெயர், ஃபோன் எண், கணக்கு விவரம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, சொற்கள் மட்டும். எந்த மாற்றியில் மாற்றினீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். இதுவரை வந்ததில் காய்கறி, பழம், ஊர்ப் பெயர் இருக்கின்றன. மருந்துக்கடைப் பட்டியலும் பத்திர எழுத்தர் ஃபைலும் இன்னும் வரவில்லை.